பதினோராம் சென்ரிமீற்றர்

குடிக்க வந்ததின் எச்சில், குளித்ததின் தோல்,
மேலே பறந்ததின் எச்சம்:
குளம் எல்லாவற்றையும் பதிந்துவைக்கிறது.
ஒரு குவளை போதும் இப்போது,
மிருகத்தைக் காணவேண்டியதில்லை.

நாங்கள் சேறுவரை போனோம்.
உடையார்கட்டில் மூன்றங்குலக் குழாயை
வள்ளக்காரர் குலவீரசிங்கம் ஏறி நின்று அழுத்த,
குழலுக்குள் அடைந்த பிட்டுப்போல
அடுக்குக் குலையாமல் வந்தது.
றெஜிபோம் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்:
"மீனுக்கே நான் இவ்வளவு ஐஸ் போடுறேல்லை."

சேற்றின் வயதை ஈயத்தை வைத்துக் கணிப்பது.
காற்றில் பிறந்து மழையோடு இறங்கி
இருபத்திரண்டு வருடத்தில் பாதியாகிற ஈயம்.
அறிவியல்நகரில் வகுப்பெடுத்தபோது
"வானத்திலிருந்து விழும் ஈயம்" என்றேன்.
ஒருத்தரும் எழுதவில்லை.
பிறகுதான் எனக்கே கேட்டது
நான் சொன்னது.

ஆறு கிழமையில் முடிவுகள் வந்தன.
மேலே யப்பான் மீன், எருமை, நீர்க்காகம்.
ஐந்தாம் சென்ரிமீற்றரில் யானை;
துஷ்யந்தி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.
ஏழில் நீர்நாய் என்று நினைக்கிறோம், உறுதியில்லை.
பதினொன்றில்
மாடு. நாய். ஆடு. மாடு.
கொக்கு இல்லை, அந்த வருடம் ஒன்றுகூட.
மனிதர்,
எழுபத்தோராயிரம் வாசிப்பு.

மனித வரிசைகளை நீக்குக, என்கிறது செய்முறை.
அது மாசு. மாதிரி எடுத்தவரின் தும்மல்,
கையுறையில் ஓட்டை.
உலகமெங்கும் அப்படித்தான்;
ஒற்றை வரிக் கட்டளை.

"இதில ஆளைக் கண்டுபிடிக்கலாமோ?"
ஏலாது. நூற்றுச் சொச்சம் எழுத்து.
இனத்தைச் சொல்லும், முகத்தைச் சொல்லாது.
குளிக்க இறங்கியவரா,
இறங்கி ஏறாதவரா,
அதுவும் சொல்லாது.

கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தத் தை மாதம் அவளுக்கு எட்டு வயது.
ஒரு கிழமை இந்தக் குளக்கட்டில்தான்
தறப்பாளுக்குக் கீழே.
எனக்கு அன்றுவரை தெரியாது.

"அப்ப செய்முறை சரிதான் சேர்," என்றாள்.
"மாதிரி எடுத்தவளின்ரைதான்."

கட்டளையைத் தட்டவில்லை.
அட்டவணை நான்கில் அந்த வரி கிடக்கிறது.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
கீழே அதற்கான அடிக்குறிப்பை
இரண்டுபேரும் மாறிமாறி எழுதி
அழித்துக்கொண்டிருக்கிறோம்.