பாலம் இல்லாததற்கு ஒரு காரணம்

முதலில் வரலாறு இல்லை.
ஒரு பள்ளம்தான் இருந்தது.
அதன் குறுக்கே பாலம் வரைய
ஹாஃபிஸுக்கு மூன்று வாரம் வேண்டும்,
எங்களிடம் நான்கு நாள்.

மறுகரைக்கு ஏன் யாரும் போக முடியாது என்று
ஏதாவது எழுதிவிடு தர்மினி, என்றார் ஊய்,
கோப்பி-ஓ பையின் கயிறு விரலில் தொங்க.

இப்படித்தான் உண்டாயிற்று ஏழரண் நாடு,
ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில், ஒரு செவ்வாய் மதியம்.
நாசி கண்டார் மஞ்சள் போகாத விரலால்
முந்நூறு ஆண்டைத் தட்டினேன்.
சன்னலில் பினாங்குப் பாலம்
மழைக்குள் பாதி தெரிந்தது.

முதல் அரசி பெயர் கரும்பிறை.
(பிறையிலிருந்து தினமும் மோட்டாரில் வருகிறேன்.
இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.)
அவள் மகளுக்கு அக்கரையில் சம்பந்தம்.
மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாற்பது மேளம்,
ஒன்றிலும் சத்தமில்லை.
உள்ளே கத்திகள், துணி சுற்றி.
அன்றிரவே பாலத்தைக் கொளுத்தினாள்.
அது எரிந்த வெளிச்சத்தில்தான்
பெண்ணும் மாப்பிள்ளையும்
முதல்முறை முகம் பார்த்துக்கொண்டார்கள்,
இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருவன்.

இது போதும் என்றார் ஊய்.
எனக்குப் போதவில்லை.

உப்பு தீர்ந்த வருடத்தை எழுதினேன்:
அழுகிறவர்களை அடுப்படிக்குக் கூப்பிட்டார்கள்.
நாள்காட்டி மெல்லப் பிசகி
அறுவடைத் திருநாள்
விதைப்புக்குள் வந்து விழுந்தது.
விருந்தாளி என்ற சொல் முதலில் செத்தது.
அப்புறம் 'போய்விட்டு வருகிறேன்'.
எங்கும் போக முடியாத ஊரில்
அதை யார் யாரிடம் சொல்ல?
சாகப்போகிறவர்கள் மட்டும்
'போகிறேன்' என்றார்கள், பாதிச் சொல்லோடு.

மூன்றாம் அரசி நுணா.
மறுபடி பாலம் வேண்டும் என்றாள்.
பலகை அறுக்கச் சொன்னாள்.
அவளை எடுத்துவிடு, என்றார் ஊய்.
பாலம் என்று ஒரு வார்த்தை சொன்னால்
ஆடுகிறவன் பாலம் கேட்பான்.
அழித்தேன். அறுபத்திரண்டு வரி.
இரண்டாம் அரசனுக்கு அடுத்து நேராக நான்காமவன்.
நடுவில் பதினெட்டு வருடம்
சிம்மாசனத்தில் ஆள் இல்லை.

அன்றிரவு நடுப்பாலத்தில்
காற்று மோட்டாரை இடப்பக்கம் தள்ளியது.
கீழே ஒற்றைப் படகு விளக்கு.
அந்தப் பதினெட்டில்
யார் நெல் அளந்தார்கள், யார் வழக்குத் தீர்த்தார்கள்,
அதில் பிறந்த பிள்ளைகளுக்கு
இப்போது என்ன வயது என்று
பிறை வரைக்கும் கணக்குப் போட்டேன்.

ஆனால் ஹாஃபிஸ் ஏற்கெனவே
அவள் முகத்தை நாணயத்தில் வரைந்திருந்தான்.
சற்றே தூக்கிய தாடை, காதோரம் மரத்தூள்.
எல்லாப் பானையிலும் எல்லாப் பெட்டியிலும் அவள்தான்.
மாற்ற யாருக்கும் நேரமில்லை.

விளையாட்டைச் சோதிக்கிற தீபன்
ஹெட்போனைக் கழற்றிக் கேட்டான்:
அக்கா, காசுல இருக்கிற பொம்பள யாரு?
தெரியாது என்றேன்.
அன்று மாலை, யாரிடமும் சொல்லாமல்,
ஏழரண் சந்தையின் கடைசிக் கடையில்
ஒரு பொருளைச் சேர்த்தேன்.
பலகை. விலை ஒரு நாணயம்.
உபயோகம்: இல்லை.

விளையாட்டு வெளிவந்து ஐந்து மாதம் ஆகிறது.
எங்கோ ஒருவர், ஆணோ பெண்ணோ தெரியாது,
இரவுதோறும் வந்து பலகை வாங்குகிறார்.
விளிம்புக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்.
விழுகிறது.
திரும்பிப் போய் இன்னொன்று வாங்குகிறார்.
எண்ணூற்றுப் பதினொன்றாவது
விழவில்லை.
விளிம்பைவிட்டு ஒரு முழம் தள்ளி
காற்றில் நிற்கிறது.

ஏதோ கோளாறு, என்றான் தீபன்.
பிழைப் பட்டியல்ல சேர்க்கவா அக்கா?
நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

மணி எட்டரை. மழை விட்டிருந்தது.
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு
போய்விட்டு வருகிறேன் என்றேன்,
முழுச் சொல்லையும்.