பின்பக்கம்

மூன்றாவது முறையாகப் படிவம் வந்தது.
"உங்கள் ஊரில் இல்லாதவை" என்று
தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள்.
சொல்லச் சொல்ல எழுதினாள் தையல்நாயகி.
பஸ் இல்லை. ஆறு மணிக்கு மேல் நர்ஸ் இல்லை.
காலனித் தெருவில் ஐப்பசித் தண்ணி வடிய வழி இல்லை.
இல்லை என்று எழுதக் கை கூசாது எங்களுக்கு,
கடைமடைக்காரர்கள்.
மேட்டூர் திறந்த சேதி
தண்ணிக்கு முன்னால் வந்து
தண்ணி வருமுன்னே காய்ந்தும் போகும்.

இடம் தீர்ந்தது. தாளைத் திருப்பினாள்.
வெள்ளை.
"இருக்கறது ஏதாச்சும் சொல்லுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை.
அப்புறம் ஒரு பொடியன், கிண்டலாக,
"ஆடு படுக்கற சிமெண்ட் குழாய். பதினொண்ணு."
பாலம் கட்ட வந்த காண்ட்ராக்டர்
கட்டாமல் போட்டுவிட்டுப் போனவை.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல், மதில் உயரம்.
கொள்முதல் நிலையம் கழித்த சாக்குகள், எண்ணவில்லை.
நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே
சும்மா இருக்கும் கைகள், நூற்றிச் சொச்சம்.

"சிங்கப்பூரை விட்டுட்டீங்களே" என்றது ஒரு குரல்.
பதினாலு வருஷம் அங்கிருந்து
ஒரே பெட்டியோடு திரும்பிய உத்திராபதிக்கு
ஊர் வைத்த பெயர்.
எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்டோமே தவிர
என்ன வேலை பார்த்தாய் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:
"குழாய் பதிக்கறது.
பத்தடிக்கு ஒரு விரக்கடை சரிவு.
மத்ததைத் தண்ணி பாத்துக்கும்."

நர்ஸம்மா தந்த குளுக்கோஸ் டியூப்பில்
மட்டம் பிடித்தார்.
தெருவிலிருந்து வடிகாலுக்கு எண்பது அடி.
நடுவில் பக்கிரிசாமியின் கொல்லை.
அவர் சம்மதத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
தையல்நாயகி பேனாவை மூடினாள்.
பதினேழு நாள் மூடியே இருந்தது.

பதினெட்டாம் நாள் அவரே வந்தார்.
தன் வாழையிலும் தண்ணி நிற்கிறதாம்.
காலனிக்காக இல்லை என்று மூன்று தடவை சொன்னார்.
பின்பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள்:
வாழை, அறுபது கன்று.

சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்து மூட்டு பூசினோம்.
சாக்கில் மண் அடைத்துக் கரை வைத்தோம்.
ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
முழங்காலுக்கு ஏறும் தண்ணி
கணுக்காலில் நின்று யோசித்து
சிங்கப்பூரின் சரிவில் இறங்கிப் போனது.
ஒரு மூட்டு கசிகிறது, இப்போதும்.

படிவத்தை வாங்க வந்தவர்
முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தார்.
"பின்பக்கம் கேக்கலைங்க மேடம்."
தாளைத் திரும்ப வாங்கி
நூறுநாள் வேலை அட்டைக்குள் மடித்து வைத்தாள்.

பதினோராவது குழாயை நாங்கள் எடுக்கவில்லை.
உருட்டப் போன அன்று
உள்ளே ஓர் ஆடு குட்டி போட்டிருந்தது.
இரண்டு.