ஹாம்மர்ஃபெஸ்ட்டில் ஜூன்

பேய்ப் படத்துக்கு எல்லாம் தயார்,
இருட்டைத் தவிர.
இரவு பதினொன்றரைக்கும்
வேதியியல் கூடத்துக் குடுவைகளில் வெயில்.

குளிர்காலத்திலேயே எடுத்திருக்கலாம் என்கிறாள் இங்வில்.
குளிர்காலத்தில் ஏது கேமரா?

கறுப்புக் குப்பைப் பைகளை ஜன்னல்களில் ஒட்டினோம்.
ஒன்றில் கிழிசல்.
மூன்றாம் காட்சியில் பேய் நிற்கவேண்டிய இடத்தில்
விரலகல வெளிச்சம்
முன்கூட்டியே வந்து நின்றது.

பேயாக நடிக்கவேண்டிய ஷூர் மட்டும் வரவில்லை,
மீன்பிடிப் படகில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"பேய்க்கு வசனம் உண்டா?"
கதை எழுதிய நான் சொன்னேன்:
"கிடையாது. வருகைப் பதிவில்
தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று
கடைசி பெஞ்சில் காத்திருக்கும். அவ்வளவுதான்."

கௌதோகேய்னோவிலிருந்து ஆகஸ்டில் வந்து சேர்ந்த யொவ்ன்னா
டேப்பைக் கீழே வைத்தான்.
கிறிஸ்துமஸ் வரை நாங்கள் அவனை
யோன் என்றோம், யோனாஸ் என்றோம்,
சில நாள் கை காட்டியே கூப்பிட்டோம்.

"நான் பண்றேன்" என்றான்.

இங்வில் மாவுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.
ஒப்பனை வேண்டாம் என்று
போய் உட்கார்ந்தான்.