ஒற்றை மணி

எலத்தகிரிக்குக் குடிவந்த புதிதில்
எல்லா மணியும் எனக்கு ஒரே மணிதான்.
பாலக்கோட்டுக்காரிக்கு என்ன தெரியும்?
காலையில் அடித்தால் புரண்டு படுப்பேன்,
மதியம் அடித்தால் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவேன்.

பிறகு அடுத்தவர் கைகளைப் பார்த்துக் கற்றேன்.
மும்மூன்றாய் விழுந்தால் மூவேளைச் செபம்.
எதிர்வீட்டு ரெஜினா மாவுக் கையோடு நெற்றியைத் தொடுவாள்,
புருவத்துக்கு மேலே
வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும் சிலுவையின் நுனி.
கலகலவென்று ஓடினால் கல்யாணம்;
நாய்களுக்குக்கூடத் தெரியும்,
பந்திப் பக்கம் போய்விடும்.

ஒற்றை ஒற்றையாக,
ஒன்று விழுந்து அது முழுக்க அடங்கிய பிறகு
இன்னொன்று விழுந்தால்
தெருவில் தையல் மிஷின் நிற்கும்.
மாங்காய்க் கூடையைத் தூக்கியவன் தூக்கியபடி.
வாய் திறக்காமல் எல்லோரும்
படுத்த படுக்கையாய் இருப்பவர்களை எண்ணுவார்கள்.
எண்ணி முடிப்பதற்குள் அத்தனை பேரும்
ஒரு தரம் செத்துப் பிழைப்பார்கள்.

அதற்காகவே வெளியே வருவார் மதலைமுத்து.
கிரானைட் பட்டறையில் இருபது வருஷம் தின்ற தூசி
நெஞ்சுக்குள் கரகரக்க,
லுங்கியை இறுக்கி, கேட்டைப் பிடித்து நின்று
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி இருமுவார்.
"நா இல்லப்பா."
மிஷின் மறுபடி ஓடும்.

போன வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும்,
ஒற்றை மணி.
கேட்டில் ஆளில்லை.
இரண்டாவது விழுந்தது. மூன்றாவது.
ரெஜினா முந்தானையைத் தலைக்கு இழுத்தாள்.
நான் செருப்பில்லாமல் தெருவில் நிற்கிறேன்,
அடுப்பில் பால் வைத்த ஞாபகமே இல்லை.
ஏழாவதுக்கு உள்ளேயிருந்து அவர் மனைவியின் கத்தல்:
"குளிக்கிறாரு! குளிக்கிறாரு!"
பின்னாலேயே
தலை நிறையச் சோப்பு நுரையோடு அவரும்.

அப்படிச் சிரித்தோம்.
யார் வீட்டிலிருந்தோ காபி வந்தது.
என் பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்கும் சிரித்தோம்.
மணி எப்போது நின்றது என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் பெட்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது.
ஏரிக்கரை அருளாயி.
செவ்வாய்க்கிழமைகளில் புதினாக் கட்டு கொண்டுவருவாள்.
சில்லறை இல்லையென்று
போன தடவை பத்து ரூபாய் நிறுத்தி வைத்திருந்தேன்.

மதலைமுத்து குடையை ஊன்றிக்கொண்டு
கடைசி ஆளாய் நடந்துபோனார்,
வருகிற இருமலைத்
துண்டுக்குள் அமுக்கியபடி.