பதினான்கு நாள் சிரட்டை

வெள்ளறடையில் போய் வாங்கினேன்.
பனச்சமூட்டுக் கடைக்காரர்
"வரவழைக்கணும், நாலு நாளாகும்" என்றார்.
சீட்டு எடுத்த பணத்தில் பாதி போயிற்று,
ஒரு வெள்ளை வட்டத்துக்கு.
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.

ஷைனி என்ற நர்ஸ்
இடக்கையின் பின்சதையைத் துடைத்து
"பேடிக்கண்டா சேச்சி" என்றாள்.
முந்நூற்றிருபது மரத்தின் பட்டையை
நாள் தவறாமல் கீறுகிறவளிடம்.

டக்.
அவ்வளவுதான்.
சிரட்டை மாட்டியாயிற்று எனக்கும்.

வெட்டியதும் பால் சொட்டுவது மரம்.
இதற்கு ஒரு மணி நேரம் வேண்டுமாம், சூடாக.
பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.
பஸ்ஸிலும் காத்திருந்தேன்.
எல்லை தாண்டிய வளைவில்
போன் திடுக்கிட்டுச் சொன்னது: 214.
எந்த மாநிலத்தில் ஏறிய சர்க்கரையோ,
இறங்கியது தமிழ்நாட்டில்.

ரத்தத்தை இது தொடுவதில்லை,
ரத்தத்துக்குப் பக்கத்து நீரைத்தான் தொடும்,
கால்மணி நேரம் பிந்தித்தான் சொல்லும் என்றாள் ஷைனி.
எனக்குப் புரிந்தது.
ரப்பர்ப் பாலும் மரத்தின் உள்ளே இல்லை,
பட்டையில்தான் ஓடுகிறது.
தடியைத் தொட்டுவிட்டால் மரம் கெட்டது.

மூன்றாம் நாள், விடியாத மூன்று மணி.
நெற்றி விளக்கு, வெட்டுக்கத்தி,
நாற்பத்தேழாவது மரம்.
இடுப்பில் போன் அலறியது: 64.
கை நடுங்கியது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.
இத்தனை வருடம் நான் இதற்குப்
பனி என்று பெயர் வைத்திருந்தேன்.
தங்கையன் மாடன் அடி என்பார்,
கோழி நேர்ந்துவிட்டதும் உண்டு.
மாடனே, மன்னித்துக்கொள்.
ராத்திரி ஊசி போட்டுவிட்டு
அரைவயிற்றோடு படுத்தது நான்.
கருப்பட்டித் துண்டை வாயிலிட்டு
மரத்தில் சாய்ந்து நின்றேன்.
எண் ஏறும்வரை
நாற்பத்தெட்டாவது மரம் பொறுத்துக்கொண்டது.

பொய்யும் சொல்லும்.
இடப்பக்கம் ஒருக்களித்து உறங்கினால்
அமுங்கிப்போய் 58 என்று கத்தும்.
ஷைனி சொன்னபடி விரலில் குத்திப் பார்த்தேன்: 117.
புரண்டு படுத்தேன்.
அதுவும் சமாதானமாயிற்று.

மரச்சீனி.
பெயரிலேயே சீனி வைத்திருக்கிறது,
என்றாலும் எனக்கு உறைக்கவில்லை.
ஒரு தட்டும் மத்திக் குழம்பும் தின்ற மத்தியானம்
திரையில் காளிமலை எழுந்தது.
உச்சியில் 291.
மறுநாள் அரைத்தட்டு, மத்தி இரண்டு கூடுதல்.
மலை இல்லை, ஒரு மேடு.
மத்தி விலையை யாரும் கேட்காதீர்கள்.

மழைக்கு மரத்துக்குப் பாவாடை கட்டுகிறோமே,
தாரும் பிளாஸ்டிக்கும் வைத்து,
அப்படி நானும் சுற்றிலும்
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.
வியர்வை தோற்றது.
பால் வாளியின் கைப்பிடி மட்டும் ஒருமுறை இடித்தது;
உயிர் போய் வந்தது, வலியால் அல்ல,
சீட்டுப் பணத்தை நினைத்து.

எட்டாம் நாள் கண்காணி ஔசேப்பு பிடித்துவிட்டார்.
"வேலை நேரத்துல என்னெ போனு?"
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, மரங்களுக்குக் கேட்காத குரலில்,
"எனக்கும் உண்டு. ஆருட்டயும் சொல்லாத."

பதினோராம் நாள் திரும்ப வந்தார்.
"ஒரு நாளு, ஒரே நாளு,
எடுத்து எனக்க கையில ஒட்ட முடியாதா?"
சிரட்டையை மரம் மாற்றி மாட்டலாம்,
இதை முடியாது என்றேன்.
முந்நூற்றிருபது மரத்துக்குக் கணக்கு வைக்கிறவர்
தன் கணக்கைப் பார்க்கப் பயந்து
ஒட்டுப்பாலை உருட்டிக்கொண்டு நின்றார்.

பதினான்காம் நாள் முடிந்தது.
உரித்தேன்.
உள்ளே இருந்தது தலைமுடிபோல் ஒரு இழை.
இதுவா என்னை இத்தனை பேசவைத்தது.
திரையில் "புதிய சென்சாரைத் தொடங்கு."
அடுத்த சீட்டு சித்திரையில்.

இன்று மூன்று மணிக்கு
நாற்பத்தேழாவது மரத்தடியில்
கை தானாக இடக்கைக்குப் போனது.
வழவழப்பு, கொஞ்சம் பிசின், அவ்வளவே.
போன் பேசவில்லை.
விரலைக் குத்தினேன். 92.

தூரத்தில் இன்னொரு விளக்கு
மரம் மரமாக வந்தது.
ஔசேப்பு.
சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்:
கருப்பட்டி.
"சித்திரைச் சீட்டுல,
எனக்கும் ஒரு பேர் எழுது."