காரணம் என்ற கட்டம்

அண்ணா சாலை ஜெராக்ஸ் கடையில்
படிவம் நிரப்பித் தருகிறவர் கேட்கிறார்:
"காரணம் என்ன சார்? நியூமராலஜின்னு போட்டுரவா?
எல்லாரும் அதான் போடுறாங்க."

பழைய பெயர்: சவரிராயன்.
எனக்கு முன்னால் பிறந்தவனுடையது.
ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனான்.
ரேஷன் கார்டில் அவனை அடிக்க மனசில்லாமல்
அப்பா என்னை அந்த வரிக்குள் வைத்துவிட்டார்.
காகிதத்தில் எனக்கு இரண்டு வயது கூடுதல்.
ரிட்டயர்மென்ட்டும் அவன் கணக்கில்தான் வரும்.

காசிமேட்டுக் கல்லறையில்
முழங்கால் உயரச் சிலுவையில் என் பெயர்.
கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்
நான்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன்,
எழுத்தின் மேல் படாமல்.

அம்மா வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
'டேய்'தான். மனசு இளகினால் 'சின்னவனே'.
மெழுகுவத்தியை மணலில் நட்டுக்கொண்டே
வருஷத்துக்கு ஒருமுறை
"சவரி" என்பாள்.
ஒவ்வொரு தடவையும்
பின்னால் நின்று, வாய்க்குள்ளேயே,
"ம்" என்றிருக்கிறேன்.

"புதுப் பேர் சொல்லுங்க சார், க்யூ நிக்குது."

மூன்று பெயர் யோசித்து வைத்திருந்தேன்.
பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன்.