ஆரஞ்சுப் புள்ளி

நார்வாவில் கல் எரியும்.
மண்ணுக்கடியிலிருந்து வரும் தவிட்டு நிறக் கல்,
உரசினால் எண்ணெய் வாடை.
எரித்து மிஞ்சிய சாம்பலை
ஊருக்கு வெளியே கொட்டிக் கொட்டி
மலை இல்லாத நாட்டில்
எங்களுக்கு மட்டும் மலை.
ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு நாடு.
அவர்களும் பார்க்கலாம், விசா வேண்டாம்.

நான் ஸ்விட்ச் மாட்டுகிறவள்.

ரோடியோன் வீடு ஐந்தாம் மாடி.
ஒன்பது ஸ்விட்ச் மாற்ற வேண்டும்.
பழையவை பேக்லைட், கரும்பழுப்பு.
முதுகில் 1971 என்று அச்சு,
பக்கத்திலேயே விலை, முப்பது கோபெக்.
விலையையும் சேர்த்து வார்த்த காலம்;
ஏறவே ஏறாது என்று அவ்வளவு நம்பிக்கை.
கழற்றியதைத் தட்டிப் பார்த்தேன். டக்.
ஐம்பது வருஷத்து ஸ்பிரிங்.
"தூக்கிப் போட்டுவிடுங்கள், மாரிகா."
போடலாம். எங்கே?
பேக்லைட் இறுகினால் இறுகினதுதான்,
எந்தத் தீயும் அதை மறுபடி குழம்பாக்காது.
தொடுமுனையில் கடுகளவு வெள்ளி இருக்கிறது.
சுரண்டி எடுக்கிற கூலி
வெள்ளியைவிட அதிகம்.

புதியவற்றோடு ஒரு தாள் வந்தது, எட்டுப் பக்கம்.
செம்பைத் தோண்டியது, உருக்கியது,
துத்தநாகம் சேர்த்துப் பித்தளை ஆக்கியது,
கப்பலேற்றியது, அட்டைப்பெட்டி,
அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை
எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு.
ஆயுள் இருபது வருஷம்
என்று வைத்துக்கொள்வோம், என்கிறது தாள்.
வைத்துக்கொள்வோம்.
இரண்டாம் மாடியில் மூன்று வருஷம் முன்பு
நான் மாட்டிய வெள்ளையை
போன மாதம் நானே கழற்றினேன்.
சமையலறைக் குழாய் கறுப்பாகிவிட்டதாம்,
ஸ்விட்சும் கறுப்பாக வேண்டுமாம்.

ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல்
இருட்டில் இடம் காட்டுவதற்காக
ஸ்விட்சின் மூலையில் எரிகிற
ஆரஞ்சுப் புள்ளியின் பேரில் இருந்தது.
மிளகைவிடச் சின்னது.
விளக்கு அணைந்திருக்கும் நேரமெல்லாம் அது விழித்திருக்கும்.
வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும்
கடற்கரைக்குப் போன ஜூலை வாரத்திலும்
எங்கோ ஒரு சிட்டிகைக் கல்லை
எரித்துக்கொண்டே இருக்கும்.

ரோடியோன் தேநீர் போடப் போனான்.
இடுக்கியை எடுத்தேன்.
ஒன்பது புள்ளி, ஒன்பது வெட்டு.
முகத்தட்டை மூடித் திருகை இறுக்கிவிட்டு
ஜாம் கலந்த தேநீரைக் குடித்தேன்.
படியிறங்கும்போது
அந்த மலையில் ஒரு கரண்டி
அள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் போன்.
"ஒன்றுகூட எரியவில்லை.
உத்தரவாதம் இருக்கிறதே, எழுதிப் போட்டேன்.
புதிதாக ஒன்பது அனுப்புகிறார்கள்."
நான் வாயைத் திறப்பதற்குள்
"எனக்கென்ன, மீத்யாதான்" என்றான்.
"நடைவழியில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டேதான்
ராத்திரி தனியாக எழுந்து போவான்,
முந்தின வீட்டில் பழகியது.
இரண்டு நாளாகப் படுக்கை நனைகிறது."

எட்டுப் பக்கத்தில்
மீத்யா இல்லை.

ஒன்று போதும் என்றேன்.
ஒன்றாக அனுப்ப மாட்டார்களாம்.
பெட்டி வந்தது. அதற்குள் பெட்டி,
அதற்குள் காற்றை ஊதி அடைத்த பை.
எங்கள் ஊருக்கு எவ்வளவு தூரத்திலிருந்தோ
காற்றையும் சுமந்து வருகிறார்கள்.
நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன்.
ரோடியோன் என்னைப் பார்த்தான்,
இடுக்கியைப் பார்த்தான்.
அன்றைக்குத் தேநீர் வரவில்லை.

மிச்சம் எட்டும் அலமாரிமேல் ஏறின.
நடைவழிக்கு மட்டும் புதிது மாட்டினேன்.
கழற்றியது என் சட்டைப்பையில்,
இன்னும் இருபது வருஷம் மிச்சத்தோடு.

விளக்கை அணைத்தோம். புள்ளி எரிந்தது.
மீத்யா கிட்டே வந்து
அதன்மேல் விரலை வைத்து
கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"சுடவே இல்லையே" என்றான்.

இங்கே சுடாது, என்றேன்.